மார்ச் 14-க்கு அப்புறம்: ஒரு தூண்டில் கிளப்பின் கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கி, படிக்க வசதியாகத் திருத்தியிருக்கிறோம்.)

போன எபிசோடில் பேச்சுவாக்கில், நான் ஒரு மீன்பிடி கிளப்புக்குப் பொருளாளர்னு சொல்லிட்டேன். அதிலிருந்து ஒரே கேள்வி. "தூண்டில் போடுறதுக்கு எதுக்குங்க கிளப்பு? அதுக்கு எதுக்குப் பொருளாளரு?"

நியாயமான கேள்விதான். நான் குளித்தலைப் பக்கம் காவிரிக் கரையில் வளர்ந்தவன். எங்களுக்கு ஒரு மூங்கில் கழி, நரம்பு, முள், மயிலிறகுத் தண்டில் செஞ்ச தக்கை, ஒரு சிரட்டை நிறைய மண்புழு. அவ்வளவுதான் கிளப். சிக்கின கெண்டையும் கெளுத்தியும் அன்னைக்கு ராத்திரியே குழம்பாயிடும்.

வேலைக்காக இங்கிலாந்து வந்து, டெர்பிஷயர் பக்கம் குடியேறினேன். ட்ரெண்ட் நதியில் போய்ச் சேர்கிற சின்ன ஆறு ஒண்ணு வீட்டுக்குப் பக்கத்தில் ஓடுது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடலாம்னு போனேன். அப்பதான் தெரிஞ்சுது: இங்கே கழியை விரிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு சீட்டு கையில் இருக்கணும். பிடிச்ச மீனைத் திரும்ப ஆற்றிலேயே விடணும். மார்ச் 14 ராத்திரி 12 மணியோட ஆற்றில் தூண்டில் போடுறது முடிஞ்சுது. மறுபடி ஜூன் 16-தான்.

இன்னைக்கு அந்த மார்ச் 14-ஐப் பத்திப் பேசப்போறோம். சரியாகச் சொன்னா, மார்ச் 14-க்கும் மார்ச் 25-க்கும் நடுவில் இருக்கிற 11 நாளைப் பத்தி. ஒரு வருஷம் அந்த 11 நாளில் நான் போட்ட ஒரு தப்புக் கணக்கைப் பத்தி.

ஏன் மூடுறாங்க?

முதலில் சட்டத்தைப் பார்த்துடுவோம். இங்கிலாந்தின் ஆறுகளில் மார்ச் 15-லிருந்து ஜூன் 15 வரைக்கும், அந்த ரெண்டு நாளும் சேர்த்து, மூடல் காலம். சால்மன், ட்ரவுட் மாதிரி மீன்களுக்குத் தனி தேதிகள் உண்டு. நான் சொல்றது மற்ற நன்னீர் மீன்களுக்கு: ரோச், டேஸ், சப், பார்பெல், பைக், இந்த வகைகளுக்கு.

இந்தத் தேதிகள் 1878-ல் வந்த நன்னீர் மீன்வளச் சட்டத்திலிருந்து வருது. ஷெஃபீல்டு தொகுதி எம்.பி.யாக இருந்த முண்டெல்லா கொண்டுவந்ததால் முண்டெல்லா சட்டம்னே அதுக்குப் பேர். ஷெஃபீல்டு அப்போ கத்தி, அரிவாள் செய்யற தொழிலாளர்களின் ஊர். ஞாயிற்றுக்கிழமை ஆனா ரயில் ஏறி ஆற்றங்கரைக்குப் போய்த் தூண்டில் போடுறதுதான் அவங்க பொழுதுபோக்கு. முட்டையிடுற காலத்தில் மீனைப் பிடிச்சா அடுத்த வருஷம் பிடிக்க ஒண்ணும் இருக்காதுன்னு அவங்களே கேட்டு வாங்கின தடை அது.

மீன்கள் எல்லாம் ஒரே நாளில் முட்டையிடுறதில்லை. பைக் குளிர் முடியும்போதே ஆரம்பிச்சிடும். டேஸ் மார்ச், ஏப்ரல். ரோச் ஏப்ரல் கடைசி, மே. சப்பும் பார்பெல்லும் தண்ணி நல்லா சூடு பிடிச்ச பிறகு, மே, ஜூன். சில வருஷம் குளிர் நீண்டுட்டா, ஜூன் 16-க்குத் தூண்டில் திறக்கும்போதும் பார்பெல் முட்டையிட்டுக்கிட்டு இருக்கும். அதனால் இந்த மூணு மாசம் எல்லா மீனுக்கும் கச்சிதமாகப் பொருந்தாது. ஒரு நடுவாந்திரக் கணக்கு.

இதை எதிர்க்கிறவங்களும் இருக்காங்க. ஏரி, குளங்களில் பெரும்பாலானதுக்கு 1995-லயே மூடல் காலத்தை எடுத்துட்டாங்க. கால்வாய்களில் பெரும்பாலானதுக்கு 2000-ல். "ஆற்றுக்கு மட்டும் ஏன்? கரையில் ஆள் இல்லாத மூணு மாசம் திருடனுக்குத்தான் வசதி"ன்னு ஒரு வாதம். தூண்டில் கடைக்காரர்களுக்கு மூணு மாச வியாபாரம் போகுதுன்னு இன்னொரு வாதம். 2019-ல் சுற்றுச்சூழல் முகமை மக்கள்கிட்ட கருத்துக் கேட்டது. கடைசியில் ஆறுகளுக்கு மூடல் காலம் தொடரட்டும்னு முடிவாச்சு.

ரெண்டு சீட்டு

அந்த ரெண்டு சீட்டு எதுக்கு?

முதல் சீட்டு அரசாங்கத்தோடது. ராட் லைசென்ஸ், அதாவது தூண்டில் உரிமம். 13 வயசிலிருந்து எல்லாருக்கும் கட்டாயம். 13-லிருந்து 16 வரைக்கும் இலவசம், ஆனாலும் பதிவு செய்யணும். இது தூண்டிலுக்கான அனுமதி. எந்த ஆற்றில் போடலாம்னு இது சொல்லாது.

அதைச் சொல்றது ரெண்டாவது சீட்டு. இங்கிலாந்தில், கடலோட ஏற்ற இறக்கம் எட்டாத ஆறுகளில், மீன் பிடிக்கிற உரிமை கரை நிலம் யாருக்குச் சொந்தமோ அவருக்கு. ஆற்றின் நடுக்கோடு வரைக்கும் இந்தக் கரைக்காரர், அதுக்கப்புறம் எதிர்க்கரைக்காரர். அந்த உரிமையை நிலத்திலிருந்து தனியாப் பிரிச்சு விற்கலாம், குத்தகைக்கு விடலாம். நம்ம ஊரில் ஏரி மீன் குத்தகை, புளிய மரக் குத்தகை மாதிரின்னு வெச்சுக்கோங்களேன். ஒரு விவசாயிகிட்ட அரை மைல், இன்னொருத்தர்கிட்ட கால் மைல்னு கிளப் குத்தகைக்கு எடுத்து, உறுப்பினர்களுக்குச் சீட்டு கொடுக்கும்.

எங்க கிளப்பில் நூத்துச் சொச்சம் உறுப்பினர்கள். ஓய்வு பெற்றவங்க பாதி. லாரி ஓட்டுறவங்க, நர்ஸ், பள்ளிக்கூடப் பிள்ளைங்க, ஒரு தபால்காரர், அப்புறம் நான். எங்ககிட்ட ரெண்டு துண்டு ஆறு இருக்கு. கீழ்த்துண்டு ஆழமானது, பெரிய வளைவுகள், கரையில் வில்லோ மரங்கள், கார் நிறுத்த இடம். எல்லாருக்கும் பிடிச்ச இடம். மேல்துண்டு அப்படி இல்லை. முழங்கால் ஆழம், கூழாங்கல், வேகமான ஓட்டம். ரெண்டு வேலி தாண்டி, மாடு மேயற வயல் வழியா அரை மணி நேரம் நடக்கணும்.

குத்தகை மார்ச் 25-ல் முடியும். அதுக்கு லேடி டேன்னு பேர். இங்கிலாந்தில் பழைய நாளிலிருந்தே வாடகை, குத்தகைக் கணக்கு முடிக்கிற நாலு நாட்களில் ஒண்ணு. ஆக, சீசன் மார்ச் 14-ல் முடியுது. பொதுக்குழு கூடி, எந்தக் குத்தகையைப் புதுப்பிக்கிறதுன்னு முடிவெடுத்து, 25-க்குள் நிலத்துக்காரர்கிட்ட சொல்லணும். உறுப்பினர்கள் கடைசி நாள் சாயங்காலம் ஒருத்தருக்கொருத்தர் கை குலுக்கி, "ஜூன்ல பார்ப்போம்"னு கிளம்பிடுவாங்க. அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சீட்டுக் கட்டு விரியும்.

சீட்டுக் கணக்கு

ஒவ்வொரு உறுப்பினரும் சீசன் முழுக்க ஒரு அட்டையில் எழுதி வைக்கணும். எந்தத் தேதி, எந்தத் துண்டு, எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார், என்ன மீன், ஏறத்தாழ என்ன எடை. சும்மா உட்கார்ந்துட்டு வந்த நாளையும் எழுதணும். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் யாரும் செய்ய மாட்டாங்க. நாலு கிலோ பார்பெல் சிக்கின நாளைக் கொட்டை எழுத்தில் எழுதுவாங்க. எட்டு மணி நேரம் மழையில் உட்கார்ந்து தக்கை அசையாத நாள் மறந்துபோகும். வெறும் நாளை எழுதாத அட்டையை நம்பினா ஆறு முழுக்க மீன்தான்னு தோணும். அதனால், புதுசா ஒரு கிளப்பை நடத்த வர்றவங்களுக்கு நான் சொல்ற முதல் விஷயம்: மீனை எண்ணாதீங்க, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மீன்னு எண்ணுங்க.

அப்புறம் வரவு. சந்தா, ஒரு நாள் சீட்டு விற்ற காசு. செலவு: ரெண்டு குத்தகை, பொறுப்புக் காப்பீடு, கரையில் படிக்கட்டு, வேலிப்படி பழுது பார்க்க மரம். நான் சொல்ற வருஷத்தில் வரவு செலவுக்கு எட்டலை. வயசானவங்க சில பேர் உடம்பு முடியாம விட்டாங்க. சில பேர் கார் நிறுத்தி பத்தடி நடந்தா உட்காரலாம்கிற வசதியில், மீன் வளர்த்து விடுற குளங்களுக்குப் போயிட்டாங்க. அதே நேரம் மேல்துண்டு நிலத்துக்காரர் குத்தகையைக் கொஞ்சம் ஏத்தியிருந்தார். அவர் மேல் தப்பில்லை, பல வருஷமா ஏத்தாம இருந்தவர்.

நான் அட்டைகளைப் பிரிச்சு அடுக்கினேன். கீழ்த்துண்டுக்கு ஒரு பெரிய கட்டு. மேல்துண்டுக்கு ஒரு கைப்பிடி. அதிலும் பாதி அட்டை ஒரே ஆளோடது, எங்க பெய்லிஃப். பெய்லிஃப்னா கிளப்போட ஆற்றுக் காவலர்; சம்பளம் கிடையாது. சீட்டு இருக்கான்னு பார்க்கிறது, குப்பை பொறுக்கிறது, விழுந்த மரத்தைச் சொல்றது எல்லாம் அவர். எழுபது தாண்டினவர். மேல்துண்டு அட்டையில் அவர் எழுதியிருந்ததும் விரல் நீள டேஸ், கைப்பிடி சப். ஆனா குத்தகைச் செலவில் மூணில் ஒரு பங்கு அந்தத் துண்டுக்குப் போகுது.

கணக்குத் தெரிஞ்ச யாரும் என்ன சொல்வாங்க? நானும் அதைத்தான் சொன்னேன். "மேல்துண்டை விட்டுடலாம்."

பொதுக்குழு

மார்ச் 20-ம் தேதி வாக்கில், பப்பின் மாடி அறையில் பொதுக்குழு. நான் தாளை வாசிச்சேன். தலையாட்டினவங்கதான் அதிகம். சந்தா ஏறாதுன்னா யாருக்குக் கசக்கும்?

பெய்லிஃப் எழுந்தார். அவர் அதிகம் பேசுறவர் இல்லை. "மே மாசம் அங்கே போயிருக்கியா?"ன்னு என்னைக் கேட்டார்.

"மே மாசம் சீசன் கிடையாதே"ன்னேன்.

"அதைத்தான் கேட்கிறேன். உன் அட்டையில மே மாசத்துக்குக் கட்டம் இருக்கா?"

இல்லை. மார்ச் 15-லிருந்து ஜூன் 15 வரைக்கும் எங்க அட்டையில் கட்டமே இல்லை. யாரும் தூண்டில் போடாத மாசத்தில் யார் எதை எழுதுறது?

அவர் சொன்னது இதுதான். கீழ்த்துண்டில் நீங்க பிடிக்கிற பார்பெல் அங்கே பிறக்கலை. பார்பெல்லுக்கு முட்டையிட ஆழமில்லாத, சுத்தமான கூழாங்கல் படுகை வேணும். கல்லுக்கு நடுவில் தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும், அப்பதான் முட்டைக்குக் காத்து கிடைக்கும். கீழ்த்துண்டில் அடியில் சேறு. சேத்துல முட்டை மூச்சுத் திணறிச் செத்துடும். அதனால் அவை மேலே ஏறிவரும். "நீ ஹோட்டலைப் பார்த்துட்டு, சமையக்கட்டு எதுக்கு வாடகைன்னு கேட்கிற"ன்னார். கூட்டம் சிரிச்சுது. நானும் சிரிச்சேன். ஆனா மனசு ஒத்துக்கலை. நாம குத்தகையை விட்டாலும் ஆறு அங்கேயேதானே ஓடப்போகுது? பார்பெல் நம்ம சீட்டைக் கேட்டுட்டா முட்டையிடுது? அதையும் கேட்டேன்.

அதுக்கு எங்க செயலாளர் அம்மா பதில் சொன்னாங்க. அந்தப் பதில்தான் இந்த எபிசோடுக்கே காரணம்.

டெர்பி வழக்கு

டெர்பி நகரம் எங்களுக்குப் பக்கம். அங்கே ஓடுற டெர்வென்ட் ஆறு, ரெண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வருஷங்களில் கெட்டுப்போய்க் கிடந்தது. பிரிட்டிஷ் செலனீஸ்ங்கிற செயற்கை இழைத் தொழிற்சாலையின் கழிவு ஒரு பக்கம். நகராட்சியின் சரியா சுத்திகரிக்காத சாக்கடை ஒரு பக்கம். மின் நிலையத்திலிருந்து வந்த சூடான தண்ணி இன்னொரு பக்கம். ஆற்றில் மீன் இல்லை.

வழக்குப் போட்டது யார் தெரியுமா? ஒரு தூண்டில் கிளப். பிரைட் ஆஃப் டெர்பி அண்ட் டெர்பிஷயர் ஆங்கிளிங் அசோசியேஷன். கூடவே கரை நிலம் வெச்சிருந்த ஹாரிங்டன் பிரபு. பணபலம் உள்ள ஒரு கம்பெனி, ஒரு நகராட்சி, அரசு மின் வாரியம், மூணு பேரையும் எதிர்த்து. அவங்களுக்குப் பின்னாடி 1948-ல் தொடங்கின ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கம் நின்னுது. மாசுபாடு வழக்குகளில் கிளப்புகளுக்குத் துணை நிற்கிறதுதான் அதோட வேலை. இன்னைக்கு அது ஃபிஷ் லீகல்ங்கிற பேரில் இயங்குது. 1953-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கிளப் பக்கம் தீர்ப்பு சொன்னது. பின்னாளில் பெரிய பேர் எடுத்த டென்னிங் அந்த அமர்வில் ஒரு நீதிபதி. "ஊரில் ஜனத்தொகை கூடிப்போச்சு, நாங்க என்ன செய்ய"ன்னு நகராட்சி சொன்ன வாதம் நிற்கலை. சரிசெய்யக் கால அவகாசம் கொடுத்து, ஆற்றைக் கெடுக்கக் கூடாதுன்னு தடையுத்தரவு வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒண்ணுதான். ஆற்றை நேசிச்சவங்க டெர்பியில் ஆயிரம் பேர் இருந்திருப்பாங்க. அந்தப் பாசத்தை வெச்சு நீதிமன்றத்தில் நிற்க முடியாது. கிளப்பால் நிற்க முடிஞ்சது, ஏன்னா அந்த ஆற்றில் மீன்பிடி உரிமை அதுக்கு இருந்தது. உரிமை இருக்கிறவருக்குத்தான் நஷ்டம்னு சட்டம் கணக்கில் எடுக்கும். ஒரு நாள் சீட்டு வாங்கி உட்கார்ந்தவருக்கு அந்த இடம் கிடையாது.

செயலாளர் அம்மா கேட்டாங்க: "மேல்துண்டை விட்டுட்டா, அங்கே ஏதாவது ஆச்சுன்னா கேட்கிறதுக்கு நாம யாரு?"

வாக்கெடுப்பு நடந்தது. ஒரு வருஷத்துக்கு மட்டும் புதுப்பிக்கலாம், அடுத்த மார்ச்சில் மறுபடி பேசலாம்னு முடிவு. கூடவே ஒரு நிபந்தனை, பின்வரிசையிலிருந்து யாரோ சொன்னது: "விடணும்னு சொன்னவர்தானே பொருளாளர், மாசா மாசம் அவரே போய்ப் பார்த்துட்டு வரட்டும்." கைதட்டல் வேற.

வலையும் தட்டும்

அப்படித்தான் நான் பூச்சி எண்ணக் கத்துக்கிட்டேன். இங்கே ஆற்றுப்பூச்சிக் கண்காணிப்புத் திட்டம்னு ஒண்ணு இருக்கு. தன்னார்வலர்கள், பெரும்பாலும் தூண்டில் கிளப்காரங்க, ஒரு நாள் பயிற்சி எடுத்துட்டுச் செய்யறது.

வேலை எளிமையானது. கைவலையைத் தண்ணி ஓடுற திசையில் படுகையோட ஒட்டிப் பிடிக்கணும். அதுக்கு மேலே நின்னு காலால் கூழாங்கல்லைக் கிளறணும். மூணு நிமிஷம். அப்புறம் ஒரு நிமிஷம் கல்லைக் கையில் எடுத்து, ஒட்டியிருக்கிற பூச்சிகளைத் தேடணும். எல்லாத்தையும் வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ணணும். எட்டே எட்டு வகை: மேஃப்ளைப் பூச்சிகளின் குஞ்சுகளில் நாலு வகை, கூடு கட்டுற கேடிஸ், கட்டாத கேடிஸ், ஸ்டோன்ஃப்ளை, அப்புறம் நன்னீர்க் கூனி. எண்ணிக்கைக்கு ஏத்த மதிப்பெண் கூட்டணும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எச்சரிக்கை அளவு குறிச்சிருப்பாங்க. அதுக்குக் கீழே போனா உடனே சுற்றுச்சூழல் முகமைக்குச் சொல்லணும்.

மீனை விட்டுட்டு ஏன் பூச்சி? மீன் நீந்திப் போயிடும். பூச்சி போகாது. போன மாசம் நடுராத்திரி யாராவது எதையாவது கொட்டியிருந்தாலும், இன்னைக்குத் தண்ணி பளிங்கு மாதிரி இருந்தாலும், தட்டில் இருக்க வேண்டியது இல்லைன்னா ஏதோ நடந்திருக்குன்னு அர்த்தம்.

முதல் மாசம் எனக்கு எல்லாம் ஒரே மாதிரி தெரிஞ்சுது. ரெண்டாவது மாசம், மே கடைசி. வழக்கமா வலை வைக்கிற இடத்துக்குப் போறதுக்குள்ள, கரையில் நின்ன பெய்லிஃப் கையைக் காட்டி நிறுத்தினார். முழங்கால் ஆழத் தண்ணியில், கூழாங்கல் மேல, பொன்னிற முதுகுகள். பார்பெல். எங்க ஊர் கெண்டைக்கு உறவுதான், வாயோரம் நாலு மீசை. பெரிய பெட்டை ஒண்ணு கல்லைக் கிளறுது, அதைச் சுத்தி நாலஞ்சு ஆண்கள் முட்டி மோதுது. முதுகு தண்ணிக்கு மேலே தெரியுது. கீழ்த்துண்டில் வருஷம் முழுக்க உட்கார்ந்து நான் பிடிச்ச பார்பெல்லை விட அதிகம், ஒரே இடத்தில், தூண்டில் இல்லாமல்.

அன்னைக்கு ஆற்றில் இறங்கலை. முட்டை இருக்கிற கல்லில் கால் வைக்கக் கூடாது. கரையிலேயே உட்கார்ந்து பார்த்துட்டு வந்தோம்.

ஆகஸ்டில் தட்டு மாறிச்சு. கூனி வழக்கமா நூறு கணக்கில் இருக்கும். அன்னைக்குக் கை விட்டு எண்ணலாம். மேஃப்ளைக் குஞ்சுகள் ஏறத்தாழ இல்லை. தண்ணியில் நாத்தம் இல்லை, நுரை இல்லை, செத்த மீன் ஒண்ணும் இல்லை. வேற யாராவது நடந்து போயிருந்தா, "என்ன அழகான ஆறு"ன்னு போட்டோ எடுத்திருப்பாங்க. அரை மைல் மேலே போய் இன்னொரு தட்டு எடுத்தோம், அங்கே எல்லாம் சரியா இருந்தது. ஆக, நடுவில் ஏதோ. முகமையின் 24 மணி நேர எண்ணுக்குச் சொன்னோம். ரெண்டு தட்டுக் கணக்கையும் கொடுத்தோம். ஆள் வந்து வாய்க்கால் வாய்க்காலாப் பார்த்து, ஒரு பண்ணையில் சாணக் கரைசல் தேக்குற தொட்டியிலிருந்து கசிவுன்னு கண்டுபிடிச்சாங்க. பண்ணைக்காரருக்கே தெரியாது. அடைச்சாங்க.

பூச்சிகள் மெதுவா திரும்பி வந்தது. கோர்ட்டு, வழக்கு எதுவும் தேவைப்படலை. ஆனா அந்த மாசம் அங்கே போக நமக்கு வழி இருந்தது, போக வேண்டிய கடமையும் இருந்தது. மார்ச்சில் என் தாளை ஏத்துக்கிட்டிருந்தா ரெண்டும் இருந்திருக்காது.

மூடின மூணு மாசத்தில் என்ன செய்யலாம்?

கிளப் நடத்துறவங்களுக்காகச் சுருக்கமா சொல்லிடறேன்.

மரம் வெட்டுற வேலையைச் சீசன் முடிஞ்சதும் வெச்சுக்கலாம்னு நினைக்காதீங்க. அப்போ பறவைகள் கூடு கட்டியிருக்கும். 1981 வனவிலங்குச் சட்டப்படி, குடியிருக்கிற கூட்டைக் கெடுக்கிறது குற்றம். மர வேலையைக் குளிர்காலத்திலேயே முடிச்சுடுங்க. மூடல் காலத்துக்கு வேலிப்படி, கரைப் படிக்கட்டு, அறிவிப்புப் பலகை, குப்பை போதும்.

குப்பை பொறுக்கும்போது நரம்பையும் ஈயக் குண்டையும் விடாதீங்க. சின்ன ஈயக் குண்டுகளை அன்னப் பறவைகள் கூழாங்கல்னு விழுங்கிச் செத்ததால்தான் 1987-லிருந்து தூண்டிலில் அதுக்குத் தடை. பழைய ஈயம் இன்னும் கரையில் கிடக்கு.

அப்புறம் இமாலய பால்சம். 1839-ல் தோட்ட அழகுக்காக இங்கே கொண்டுவந்த செடி. நம்ம காசித்தும்பைக்கு அண்ணன். ஆள் உயரம் வளரும், ரோஜா நிறப் பூ, காய் தொட்டா வெடிக்கும். குளிரில் மொத்தமாச் செத்துக் கரையை மொட்டையா விட்டுடும். வெள்ளம் வந்து மண்ணை அரிக்கும், அந்த மண் போய் முட்டையிடுற கல்லை மூடும். வேர் ஆழமில்லை, கையால் பிடுங்கலாம். ரெண்டு விதி: காய் பிடிக்கிறதுக்கு முன்னாடி பிடுங்கணும், ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து கீழே வரணும். கீழே மட்டும் பிடுங்கினா, மேலேயிருந்து விதை மிதந்து வந்துக்கிட்டே இருக்கும். இதைச் சொல்லும்போது எங்க ஆளுங்க என்னைப் பார்த்து, "உன் ஊர்ச் செடி, நீதான் பிடுங்கணும்"பாங்க. இமயமலைக்கும் குளித்தலைக்கும் எவ்வளவு தூரம்னு நான் சொல்றதை யாரும் கேட்கிறதில்லை.

கடைசியா, அட்டை. எங்க அட்டையில் இப்போ மார்ச் 15-லிருந்து ஜூன் 15 வரைக்கும் ஒரு பக்கம் இருக்கு. அதில் எடை, மணி நேரம் எதுவும் கிடையாது. என்ன பார்த்தீங்க, எங்கே பார்த்தீங்க, அவ்வளவுதான். "கூழாங்கல்லில் பார்பெல், எண்ண முடியலை"ன்னு ஒரு பள்ளிக்கூடப் பையன் எழுதினது அதில் இருக்கு.

அடுத்த மார்ச்

பணம் ஒண்ணும் வானத்திலிருந்து விழலை. அடுத்த பொதுக்குழுவில் மறுபடி நான்தான் தாளை வாசிச்சேன். மேல்துண்டை மூணு வருஷத்துக்கு எடுக்கணும், அதுக்குச் சந்தாவை ஏத்தணும், பிள்ளைங்களுக்கு ஏத்தக் கூடாது. எதிர்த்துச் சில பேர் வாக்களிச்சாங்க. ரெண்டு பேர் அந்த வருஷம் புதுப்பிக்கலை. அதில் ஒருத்தர் என்னை முதன்முதலா இந்த ஆற்றுக்குக் கூட்டிட்டு வந்தவர். ஓய்வூதியத்தில் இருக்கிறவர், ஏத்தின தொகை அவருக்குக் கனம். தள்ளுபடி தரலாம்னு சொன்னோம், வேண்டாம்னுட்டார். அது எனக்கு இன்னும் உறுத்தல்தான். சரியான முடிவுக்கும் ஒரு விலை உண்டு, அதை வேற ஒருத்தர் கொடுத்தார்.

பெய்லிஃப் இப்போ அவ்வளவு தூரம் நடக்கிறதில்லை. வேலி ரெண்டையும் தாண்ட முழங்கால் விடலைங்கிறார். மாசா மாசம் வலையும் தட்டும் எடுத்துட்டு நான் போறேன், கூட அந்தப் பையன் வர்றான். திரும்பி வந்து அவருக்கு எண்ணிக்கையைச் சொல்லணும். கூனி எத்தனைன்னுதான் முதலில் கேட்பார்.

இந்த மார்ச் 14-ம் வந்து போச்சு. அட்டைகள் மேசையில் கிடக்கு, லேடி டேக்குள் முடிக்கணும். அடுத்த எபிசோடில் உங்க கேள்விகளுக்குப் பதில் சொல்றேன். உங்க ஊர் ஆற்றில், ஏரியில் மீன் எந்த மாசம் முட்டையிடும்னு தெரிஞ்ச பெரியவங்க யாராவது வீட்டில் இருந்தா, கேட்டு எழுதி அனுப்புங்க. காவிரியில் எந்த மீன் எப்போன்னு எனக்கே இப்போதான் கேட்கத் தோணுது.